ஒரு சார்ட்டைத் தொட்டால் மற்றவற்றுக்கு எப்படித் தெரியும்? டாஷ்போர்டில் ஸ்டேட்டை எங்கே வைப்பது என்பது பற்றி ஓர் ஒப்பீடு

சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் அன்றாடக் கணக்கை ஒரு டாஷ்போர்டில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை என்று ஐந்து ஏரிகள். நீர்மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம், மழை என்று ஒவ்வோர் ஏரிக்கும் தினமும் ஐந்து எண்கள். சென்னைக் குடிநீர் வாரியம் இவற்றை நாள்தோறும் வெளியிடுகிறது. திரையில் நான்கு சார்ட்கள். மேலே இருப்பைக் காட்டும் கோடு, அதன் கீழே மழைக்கான பார் (பட்டைகள்), பக்கத்தில் வரத்தையும் வெளியேற்றத்தையும் ஒன்றுக்கொன்று எதிராக வைத்த புள்ளிகள், ஓரத்தில் ஏரிவாரியாகச் சராசரி இருப்பு.

மழை சார்ட்டின் மேல் மவுஸை இழுத்து 2015 நவம்பரையும் டிசம்பரையும் மட்டும் பிடிக்கிறீர்கள். மற்ற மூன்று சார்ட்களும் அந்த இரண்டு மாதத்துக்கு மாற வேண்டும். ஓரத்தில் செம்பரம்பாக்கத்தைக் கிளிக் செய்தால் புள்ளி சார்ட்டில் அந்த ஏரியின் நாட்கள் மட்டும் நிற்க வேண்டும். அப்புறம் அந்தத் திரையை அப்படியே இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும். பார்ப்பவருக்கு இது இயல்பான எதிர்பார்ப்பு. கட்டுபவருக்கோ, இந்தத் தேர்வு போன்ற ஸ்டேட் (திரையின் அப்போதைய நிலை) எங்கே வசிக்க வேண்டும் என்ற கேள்வி முதல் வாரத்திலேயே வந்து நிற்கும்.

யோசனை புதிதல்ல. ஒரு சார்ட்டில் பிரஷ் செய்தால், அதாவது மவுஸை இழுத்து ஒரு பகுதியைப் பிடித்தால், மற்றவற்றில் அதே தரவு ஒளிர வேண்டும் என்பதை 1987-இல் பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் பெக்கரும் வில்லியம் கிளீவ்லண்டும் எழுதி வைத்துவிட்டார்கள். வலைப்பக்கத்தில் இதைச் செய்ய இன்று குறைந்தது ஆறு வழிகள் இருக்கின்றன. "ரிடக்ஸா, கான்டெக்ஸ்டா?" என்று ஸ்டேட்டை வைக்கும் இரண்டு கருவிகளைப் பற்றிய விவாதத்தில்தான் பலரும் தொடங்குகிறார்கள். எனக்கு அது தவறான இடத்தில் தொடங்குவதாகப் படுகிறது. லைப்ரரியை (ஆயத்த நிரல் தொகுப்பை) தேர்ந்தெடுக்கும் முன் நம்மிடம் என்னென்ன வகை ஸ்டேட் இருக்கிறது என்று பிரித்துவிட்டால் பாதி விவாதம் தானாக முடிந்துவிடும்.

ஒரே பெயர், மூன்று சரக்கு

முதலாவது ஹோவர். மவுஸ் எந்த நாளின் மேல் நிற்கிறதோ அந்த நாளுக்கு நான்கு சார்ட்டிலும் ஒரு செங்குத்துக் கோடு. இது விநாடிக்கு 60 முறை மாறக்கூடியது. மவுஸ் நகர்ந்ததும் செத்துப்போகும். இதை யாரும் சேமிக்கப் போவதில்லை, யாருக்கும் அனுப்பப் போவதில்லை.

இரண்டாவது தேர்வு. பிரஷ் செய்த தேதி வரம்பு, கிளிக் செய்த ஏரி. இழுக்கும்போது வேகமாக மாறும், விட்டபின் மணிக்கணக்கில் அசையாது. டாஷ்போர்டின் உயிரே இதுதான். பகிரப்பட வேண்டியதும், பேக் பட்டனை அழுத்தினால் திரும்பி வர வேண்டியதும் இதுவே.

மூன்றாவது பார்வை. எவ்வளவு ஜூம், அச்சின் எல்லை எது வரை, எந்த டேப் திறந்திருக்கிறது என்பவை. இதில் பாதி அந்தந்த சார்ட்டின் சொந்த விஷயம், பாதி பொது விஷயம். மழையும் இருப்பும் ஒரே கால அச்சில் நகர வேண்டும். புள்ளி சார்ட்டின் ஜூமோடு மற்றவற்றுக்கு எந்தத் தொடர்பும் இல்லை.

விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லி விநாடிதான் கிடைக்கும். ஹோவர் அதற்குள் ஓட வேண்டும். தேர்வுக்குக் கொஞ்சம் தாராளம் உண்டு, ஆனால் ரொம்ப இல்லை. 2014-இல் ஜிசெங் லியூவும் ஜெஃப்ரி ஹீரும் ஓர் ஆய்வில், இடைவினை ஒவ்வொன்றிலும் அரை விநாடி தாமதத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். பயனர்கள் குறைவாகத் தேடினார்கள், தரவின் குறைந்த பகுதியையே தொட்டார்கள், குறைவான கண்டுபிடிப்புகளோடு நின்றார்கள். டாஷ்போர்டு மெதுவாக இருந்தால் பார்ப்பவர் கேள்வி கேட்பதையே குறைத்துக்கொள்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு வழிகளைப் பார்க்கலாம்.

சார்ட்டுக்கு சார்ட் நேரடியாக வயர் இழுப்பது

மழை சார்ட் பிரஷ் நிகழ்வை வெளியிடும், இருப்பு சார்ட் அதைக் கேட்டு மாறும். இரண்டு சார்ட்டுக்கு இதைவிட எளிய வழி இல்லை. நான்கு சார்ட் என்றால் செய்தி போக 12 திசைகள், ஆறு என்றால் 30. புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது பழைய எல்லாவற்றையும் திறந்து தொட வேண்டியிருக்கும்.

அதைவிடப் பெரிய தொல்லை, சுற்றிச் சுற்றி வரும் நிகழ்வு. மழை சார்ட்டின் பிரஷ் இருப்பு சார்ட்டின் பிரஷை நகர்த்துகிறது. நகர்ந்ததும் அதுவும் ஒரு பிரஷ் நிகழ்வை வெளியிடுகிறது. மழை சார்ட் அதைக் கேட்டு மறுபடி நகர்கிறது. சார்ட் வரையும் டி3 லைப்ரரியின் பிரஷை நிரலிலிருந்து நகர்த்தினாலும், மனிதர் இழுத்தது போலவே தொடக்கம், நகர்வு, முடிவு என்ற மூன்று நிகழ்வுகளும் எழும். அந்த நிகழ்வுக்குள் மூல நிகழ்வு என்று ஒன்று இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அது நிரலிலிருந்து வந்தது என்று விட்டுவிட வேண்டும். பிளாட்லி என்ற சார்ட் லைப்ரரியிலும் இதே கதைதான். அச்சின் எல்லையை நாமே மாற்றினாலும் "எல்லை மாறியது" என்ற செய்தி வந்துவிடும். இந்தச் சோதனையை ஒரே இடத்தில் மறந்தாலும் போதும், பிரவுசர் உறைந்து நிற்கும். இல்லாவிட்டால் பிரஷ் கைக்கடியில் நடுங்கும். நடுங்குவதுதான் அதிகம் ஏமாற்றக்கூடியது, ஏனென்றால் வேகமான கணினியில் அது கண்ணுக்கே தெரியாது.

ஆனால் இந்த வழியை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. ஹோவருக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை. யூபிளாட் என்ற சார்ட் லைப்ரரியில் சார்ட்களுக்கு ஒரே ஒத்திசைவுச் சாவியைக் கொடுத்தால் ஒன்றில் கர்சர் நகரும்போது மற்றதிலும் நகரும். ஈசார்ட்ஸில் சார்ட்களை ஒரே குழுவில் இணைத்துவிட்டால் டூல்டிப், லெஜண்ட், ஜூம் எல்லாம் சேர்ந்தே இயங்கும். நான்கைந்து வரியில் வேலை முடிந்துவிடும். டாஷ்போர்டில் எல்லாமே ஒரே லைப்ரரியின் கால வரிசை சார்ட்கள் என்றால், இங்கேயே நின்றுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். நம் ஏரி டாஷ்போர்டில் மழைக்கும் இருப்புக்கும் இது சரிப்படும். புள்ளி சார்ட்டுக்குக் கால அச்சே இல்லை, அங்கே இந்த ஒத்திசைவு போய்ச் சேராது.

தாய் காம்பொனென்டுக்கு ஏற்றுவது, கான்டெக்ஸ்ட்

வலைப்பக்கத்தைக் காம்பொனென்ட் என்ற துண்டுகளாகக் கட்டும் ரியாக்டில் பழகியவர்களின் கை முதலில் போவது இங்கேதான். தேதி வரம்பையும் ஏரியையும் தாய் காம்பொனென்டில் வைத்து, பிள்ளைகளுக்குக் கீழே அனுப்புவது. நடுவில் உள்ளவற்றைத் தாண்டி நேரே அனுப்பும் வழிதான் கான்டெக்ஸ்ட். இப்படிச் செய்தால் சார்ட்கள் ஒன்றையொன்று அறியாது, எல்லாம் தாயை மட்டுமே அறியும். வயர் சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

விலை ரீரெண்டரில், அதாவது மீண்டும் வரைவதில், வருகிறது. கான்டெக்ஸ்டின் மதிப்பு மாறினால் அதைப் படிக்கும் ஒவ்வொரு காம்பொனென்டும் மீண்டும் ஓடும். மெமோ (தேவையற்ற மறுவரைவைத் தடுக்கும் வசதி) போட்டாலும் அதைத் தடுக்க முடியாது. ஹோவரையும் ஏரித் தேர்வையும் ஒரே கான்டெக்ஸ்டில் போட்டால், மவுஸ் ஒரு பிக்சல் நகரும்போதெல்லாம் ஏரிப் பட்டியலும் மறுபடி வரையப்படும். கான்டெக்ஸ்டை இரண்டாக, மூன்றாகப் பிரிக்கலாம். அப்படிப் பிரித்துக்கொண்டே போகும்போது நாம் ஸ்டேட்டை வைக்கும் தனிக் கிடங்கான ஒரு ஸ்டோரைத்தான் கையால் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பது ஒரு கட்டத்தில் தெரிந்துவிடும். தேர்வு அரிதாக மாறும் சிறிய பக்கத்துக்கு, அதாவது மேலே ஒரு டிராப்டவுன், கீழே மூன்று சார்ட் என்ற அளவுக்கு, இது தாராளமாகப் போதும்.

தனி ஸ்டோர்

ரிடக்ஸ் 2015-இல் வந்தது. இன்று சிறிய வேலைகளுக்குப் பலரும் ஸுஸ்டாண்ட் பக்கம் போகிறார்கள். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கே 'நிலை' என்றுதான் பொருள். இரண்டிலும் சாரம் ஒன்றே. ஸ்டேட் காம்பொனென்ட் மரத்துக்கு வெளியே இருக்கும், ஒவ்வொரு சார்ட்டும் தனக்கு வேண்டிய துண்டை மட்டும் கேட்டு வாங்கும், அந்தத் துண்டு மாறினால் மட்டுமே மீண்டும் ஓடும். இப்படி வெளியே இருக்கும் ஸ்டோர்களுக்கென்றே 2022-இல் ரியாக்ட் 18 ஒரு ஹூக்கை (இணைப்புச் செயல்பாட்டை) கொண்டுவந்தது. ஸுஸ்டாண்டில் இன்னொரு வசதியும் உண்டு. ரீரெண்டரே இல்லாமல் மாற்றத்தை மட்டும் கேட்டு, பிரவுசரின் வரைபரப்புகளான கேன்வாஸிலோ எஸ்விஜியிலோ ஒரு கோட்டை நேரே நகர்த்தலாம். இழுக்கும்போது நடக்கும் வேலைக்கு இது மிகப் பொருத்தம்.

எந்த ஸ்டோர் என்பதைவிட அதற்குள் என்ன எழுதுகிறோம் என்பதே முக்கியம். மறுபடி மறுபடி பிழை நடப்பதும் அங்கேதான். எனவே இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பிக்சலை எழுதாதீர்கள், தரவின் மதிப்பை எழுதுங்கள். "இடமிருந்து 312-லிருந்து 440 வரை" என்பது ஜன்னலைச் சுருக்கினால் பொய்யாகிவிடும். "2015 நவம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை" என்பது எந்தத் திரையிலும் உண்மை. வரிசை எண்ணையும் எழுதாதீர்கள். நாளை ஒரு நாளின் தரவு சேர்ந்தாலே பட்டியலில் 4,017-ஆவது வரி வேறொன்றாகிவிடலாம். ஏரியின் பெயர் அல்லது அதன் நிலையான குறியீடு, தேதி, இவையே போதும்.

அடுத்தது, தேர்ந்தெடுத்தது யார் என்பது. ஓரத்தில் உள்ள ஏரி பாரில் செம்பரம்பாக்கத்தைக் கிளிக் செய்கிறீர்கள். எல்லா சார்ட்களும் "ஏரி = செம்பரம்பாக்கம்" என்று வடிகட்டிக்கொள்கின்றன. ஏரி பாரும் அதையே செய்தால் மற்ற நான்கு ஏரிகளும் அதிலிருந்து மறைந்துவிடும். இனி புழலைக் கிளிக் செய்ய அங்கே புழலே இருக்காது. ஒரு சார்ட் தன்னுடைய வடிகட்டலைத் தனக்கே போட்டுக்கொள்ளக் கூடாது, மற்றவர்களுடையதை மட்டும் ஏற்க வேண்டும். 2012-இல் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட கிராஸ்ஃபில்டர் லைப்ரரி இந்த விதியைத் தன் அடிப்படையாகவே வைத்திருந்தது. ஒரு பரிமாணத்தின் (ஏரி, தேதி போன்ற ஒரு புலத்தின்) மேல் கட்டிய குழு, எல்லா வடிகட்டல்களையும் மதிக்கும், தன் பரிமாணத்தின் வடிகட்டலைத் தவிர. ஸ்டோரில் வெறும் "ஏரி: செம்பரம்பாக்கம்" என்று மட்டும் எழுதினால் இந்த விதியை நடைமுறைப்படுத்த வழியில்லை. எழுதியவர் யார் என்பதும் கூடவே இருக்க வேண்டும். இந்த ஒரு புலத்தை முதல் நாளே சேர்த்துவிடுங்கள். பின்னால் சேர்க்கப் போனால் எல்லா சார்ட்களையும் தொட வேண்டிவரும். மேலே சொன்ன சுற்றும் நிகழ்வுக்கும் இதுவே மருந்து. நான் எழுதியதே எனக்குத் திரும்பி வந்தால் விட்டுவிடு, அவ்வளவுதான்.

மூன்றாவது, தேர்வு என்பது வேறு, அதை வைத்து என்ன செய்வது என்பது வேறு. புள்ளி சார்ட்டில் ஒரு பகுதியைப் பெட்டி போட்டுப் பிடிக்கிறீர்கள்: வெளியேற்றம் மிக அதிகமாக இருந்த நாட்கள். இருப்புக் கோடு இதை வடிகட்டலாக எடுத்துக்கொண்டால் சிதறிய நாலைந்து நாட்களை இணைத்து அர்த்தமில்லாத ஒரு கோட்டை வரையும். அங்கே தேவை வடிகட்டல் அல்ல, ஒளிர்வு. முழுக் கோடும் மங்கலாக இருக்க, அந்த நாட்கள் மட்டும் அழுத்தமாகத் தெரிய வேண்டும். ஏரிவாரிச் சராசரிக்கோ வடிகட்டல்தான் சரி. எனவே ஸ்டோர் "எது தேர்ந்தெடுக்கப்பட்டது" என்பதை மட்டும் சொல்லட்டும். மறைப்பதா, மங்கலாக்குவதா, ஒளிர வைப்பதா என்பதை அந்தந்த சார்ட்டிடம் விட்டுவிடலாம்.

அச்சு எல்லையும் இதோடு ஒட்டியதே. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வெளியேறியது. ஒரு நாள் முழுக்க அந்த வேகத்தில் போனால் 2,500 மில்லியன் கன அடி, அதாவது அந்த ஏரியின் மொத்தக் கொள்ளளவான 3,645-இல் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். அந்த ஒரு நாள் வெளியேற்றத்தின் அச்சையே நீட்டிவிடும். 2019-ஐப் பிரஷ் செய்யும்போது அச்சு தானாகச் சுருங்கினால், ஏரிகள் வற்றிக் கிடந்த ஜூன் மாதத்துப் புள்ளிகளும் வெள்ளத்தின் புள்ளிகள் போல உயரத்தில் தெரியும். இரண்டு ஆண்டையும் மாறிமாறிப் பார்ப்பவருக்கு வறட்சியும் வெள்ளமும் ஒரே உயரமாகிவிடும். என் தீர்ப்பு: இணைந்த சார்ட்களில் அச்சு எல்லை முழுத் தரவிலிருந்து வரட்டும், தேர்வு மாறும்போது அசைய வேண்டாம். உற்றுப் பார்க்க விரும்புகிறவருக்கு ஜூம் தனியாக இருக்கட்டும்.

யூஆர்எல்

பக்கத்தின் முகவரியான யூஆர்எல்லை ஸ்டோருக்கு மாற்றாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு இது ஸ்டோரின் நிழல். தேர்வு யூஆர்எல்லில் இருந்தால் "2015 டிசம்பரில் பூண்டியைப் பார்" என்று விளக்கம் எழுத வேண்டாம், இணைப்பை அனுப்பினால் போதும். பக்கத்தைப் புதுப்பித்தாலும் போட்ட பிரஷ் போகாது. பொதுமக்கள் பார்க்கும் தரவு டாஷ்போர்டு எதற்கும் இது இருந்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். ஓர் எண்ணைச் சுட்டிக்காட்டி "இதோ பாருங்கள்" என்று சொல்ல முடியாவிட்டால், தரவைத் திறந்து வைத்ததன் பயனில் பாதி போய்விடும்.

இழுக்கும் ஒவ்வொரு அசைவுக்கும் யூஆர்எல்லை மாற்றாதீர்கள். முகவரியை இப்படி 30 விநாடிக்குள் 100 முறைக்கு மேல் மாற்றினால் பிழை எறியும் வரம்பை சஃபாரி பிரவுசர் வைத்தது. மவுஸை இரண்டு விநாடி இழுத்தாலே அந்த எண்ணிக்கை தாண்டிவிடும். இழுத்து முடித்து விட்டபின் ஒரே ஒரு முறை எழுதினால் போதும். பிரஷுக்குப் பழைய முகவரியின் மேலேயே எழுதுவது நல்லது. ஏரியை மாற்றுவது, டேப் மாற்றுவது போன்ற பெரிய அடிகளுக்கு மட்டும் வரலாற்றில் புதிய பதிவு சேர்க்கலாம். முப்பது பிரஷுக்கு முப்பது பதிவு என்றால், பேக் பட்டனை அழுத்தி அழுத்தி வெளியே வர முடியாமல் தவிப்பார்கள்.

தேதியில் ஒரு குழி இருக்கிறது, அதில் இந்திய நேரத்தில் வேலை செய்பவர்கள் கட்டாயம் விழுவார்கள். டிசம்பர் 1 நள்ளிரவு என்ற நம் தேதியை ஜாவாஸ்கிரிப்டின் வழக்கமான ஐஎஸ்ஓ வடிவத்துக்கு மாற்றினால், அந்த வடிவம் உலகப் பொது நேரத்தில் இருப்பதாலும் நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னே இருப்பதாலும், அது நவம்பர் 30 மாலை 6.30 என்று வெளிவரும். அதன் முதல் பத்து எழுத்தை வெட்டி யூஆர்எல்லில் போட்டால், ஒவ்வொரு முறை பக்கத்தைத் திறக்கும்போதும் தேர்வு ஒரு நாள் பின்னுக்கு நகர்ந்துகொண்டே போகலாம். எதிர்த்திசையிலும் இதே குழி உண்டு. "2015-12-01" என்று தேதியை மட்டும் கொடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். சென்னையில் அது டிசம்பர் 1 காலை 5.30, நியூயார்க்கிலோ நவம்பர் 30. நாள் கணக்குத் தரவுக்கு நேரமே வேண்டாம். தேதியை எழுத்துச் சரமாகவே ஸ்டோரிலும் யூஆர்எல்லிலும் வைத்துவிட்டு, அச்சில் வரையும்போது மட்டும், எல்லா சார்ட்டுக்கும் பொதுவான ஒரே ஃபங்ஷனில் மாற்றுவதுதான் பாதுகாப்பு.

இலக்கணமாகச் சொல்வது, சர்வரிடம் கேட்பது

சார்ட்டை விவரணையாக எழுத வைக்கும் வேகா-லைட்டில் ஸ்டோர் என்று ஒன்றை நாம் எழுதுவதே இல்லை. "இந்த சார்ட்டில் கிடைமட்டப் பிரஷ் உண்டு, அந்த சார்ட் அதை வைத்து வடிகட்டும்" என்று விவரித்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். 2021-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இவை 'பாரம்' (param, அளவுரு) என்ற பெயருக்கு மாறின. பல சார்ட்டில் ஒரே பிரஷ் இருந்தால் கடைசியாகப் போட்டது மட்டும் செல்லுமா, எல்லாவற்றின் கூட்டா, எல்லாவற்றின் வெட்டா என்று தேர்ந்தெடுக்கலாம். கிராஸ்ஃபில்டரின் "என்னைத் தவிர" என்ற விதி அந்த மூன்றில் நேரடியாக இல்லை. சார்ட்கள் எல்லாம் ஒரே விவரணைக்குள் இருக்கும்வரை அருமையாக ஓடும். பக்கத்தின் வெவ்வேறு மூலைகளில் தனித்தனியாகப் பதித்தால் சிக்னல்களைக் கேட்டுக் கையால் கடத்த வேண்டும், அதாவது மறுபடி வயர் இழுக்கும் வேலைக்கே வந்துவிடுவோம். ஒரு மதியத்தில் முன்மாதிரி வேண்டுமென்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

பைத்தானில் வேலை செய்யும் குழுக்களுக்கு டாஷ் என்ற டாஷ்போர்டு கருவி இருக்கிறது. பிரஷ் செய்தால் அந்தச் செய்தி சர்வருக்குப் போய், புதிய சார்ட்டோடு திரும்பி வரும். இங்கே ஓர் எச்சரிக்கை. தேர்வை சர்வரில் ஒரு குளோபல் மாறியில் வைத்தால் அது எல்லாப் பயனருக்கும் பொதுவாகிவிடும். ஒருவர் புழலைத் தேர்ந்தெடுக்க, இன்னொருவர் திரை மாறும். ஒரே ஆளாகச் சோதிக்கும்போது இது தெரியவே தெரியாது. டாஷின் கையேடே இதைச் செய்யாதீர்கள் என்கிறது. பிரவுசர் பக்கமே வைக்க அதற்கென்று ஒரு ஸ்டோர் காம்பொனென்டும் தந்திருக்கிறார்கள். இழுக்கும்போதே மாற வேண்டியவற்றை பிரவுசரில் ஓடும் கால்பேக்காக (நிகழ்வு நடந்ததும் ஓடும் துண்டு நிரலாக) எழுதலாம். ஒவ்வொரு அசைவுக்கும் சர்வருக்குப் போய் வந்தால், செல்போன் இணைப்பில் அந்த அரை விநாடித் தாமதம் எளிதில் வந்துவிடும்.

தரவு பெருத்துவிட்டால்

இதுவரை சொன்னவற்றில் வடிகட்டும் கணக்கை யார் போடுகிறார்கள் என்ற கேள்வியைத் தொடவில்லை. தொடத் தேவையும் இருக்கவில்லை. நான்கு ஏரிகள், 20 ஆண்டு, நாளுக்கு ஒரு வரி என்றால் 29,200 வரிகள். தேர்வாய்கண்டிகை 2020 நவம்பரில்தான் திறக்கப்பட்டது, அதன் பங்கு இன்னும் கொஞ்சம். முப்பதாயிரத்துச் சொச்சம் வரிகளைச் சாதாரண அரே ஃபில்டரால் வடிகட்ட ஓரிரு மில்லி விநாடி போதும். இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம்.

லட்சங்களைத் தாண்டினால் கிராஸ்ஃபில்டர். பத்து லட்சம் வரிக்கும் 30 மில்லி விநாடிக்குள் பதில் தருவதே அதன் குறிக்கோள். பிரஷ் கொஞ்சம் நகர்ந்தால் எல்லாவற்றையும் மறுபடி எண்ணாமல், புதிதாக உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் மட்டும் கூட்டிக் கழிப்பதால் அந்த வேகம். மூல லைப்ரரியின் பராமரிப்பு நின்றுவிட்டது, சமூகத்தினர் நடத்தும் இரண்டாம் வடிவத்தை எடுங்கள்.

அதற்கும் மேலே போனால் மொசைக். மேலே சொன்ன ஜெஃப்ரி ஹீரும் டொமினிக் மோரிட்ஸும் 2023-இல் வெளியிட்டது. ஒவ்வொரு சார்ட்டும் தனக்கு என்ன தரவு வேண்டும் என்பதை எஸ்க்யூஎல் (தரவுத்தள மொழி) கேள்வியாகச் சொல்லும். நடுவில் இருக்கும் ஒருங்கிணைப்பாளர் தேர்வுகளை அந்தக் கேள்விகளோடு சேர்த்து டக்டிபி என்ற தரவுத்தளத்திடம் கேட்டு வாங்கித் தரும். தேர்வில் சேரும் ஒவ்வொரு கூறிலும் அதை எழுதிய சார்ட் எது என்பதும் நிபந்தனையும் இருக்கும். "என்னைத் தவிர" என்ற விதி உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. மேலே ஸ்டோரில் நாம் கையால் எழுதிய அதே வடிவம் இங்கே கட்டமைப்பாகவே வந்திருப்பதால் எனக்கு இதன் மேல் தனி மரியாதை. ஆனால் டக்டிபியை பிரவுசரிலேயே ஓட்டினால், முதல் சார்ட் வருவதற்குள் சில மெகாபைட் இறங்க வேண்டும். முப்பதாயிரம் வரிக்கு அந்தக் காத்திருப்பைப் பயனர் மேல் சுமத்துவது நியாயமல்ல.

சரி, ஏரி டாஷ்போர்டுக்கு எது?

ஹோவரை ஸ்டோருக்குள் கொண்டுவர மாட்டேன். மழைக்கும் இருப்புக்கும் சார்ட் லைப்ரரியின் சொந்த ஒத்திசைவு போதும். புள்ளி சார்ட்டில் ஒரே ஒரு புள்ளியை ஒளிர வைக்க ஒரு சிறிய நேரடி நிகழ்வு. தேர்வு ஒரு சிறிய ஸ்டோரில் இருக்கும். தேதி வரம்பு, ஏரிகள், புள்ளிப் பெட்டி என்று மூன்றே கூறுகள், ஒவ்வொன்றிலும் எழுதிய சார்ட்டின் பெயர். இழுக்கும்போது வரும் மாற்றங்களை ஃபிரேமுக்கு ஒன்றாகச் சேர்த்துவிடுவேன். விட்டபின் ஒரு முறை யூஆர்எல்லுக்கு. கணக்குக்குச் சாதாரண ஃபில்டர். அச்சு அசையாது.

தேர்வு இல்லை என்பதை எப்படி எழுதுவது என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்வேன். பிரஷுக்கு வெளியே சும்மா கிளிக் செய்தால் டி3 தேர்வை வெறுமை என்று சொல்லும். தேதியில் அதற்கு 'எல்லா நாளும்' என்று பொருள். ஏரிப் பட்டியலில் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டால் 'எல்லா ஏரியும்' என்றும் கொள்ளலாம், 'எதுவும் வேண்டாம்' என்றும் கொள்ளலாம். இரண்டில் ஒன்றை ஸ்டோரின் வாசலிலேயே தீர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சார்ட் எல்லாவற்றையும் காட்டும், பக்கத்து சார்ட் காலியாக நிற்கும். நான் எல்லா ஏரியும் என்றே வைப்பேன். காலித் திரையைப் பார்ப்பவர் டாஷ்போர்டு உடைந்துவிட்டது என்றுதான் நினைப்பார்.

நாளுக்கு ஒன்று என்ற அளவீடு 15 நிமிடத்துக்கு ஒன்றாக மாறினால் ஐந்து ஏரிக்கு 20 ஆண்டில் 35 லட்சம் வரிகள். அன்று ஃபில்டரை எடுத்துவிட்டு மொசைக்கை உட்கார வைப்பேன். யூஆர்எல்லில் ஒரு மாற்றமும் இருக்காது. "2015-11-01 முதல் 2015-12-31, செம்பரம்பாக்கம்" என்று இன்று ஒருவர் அனுப்பிய இணைப்பு அன்றும் அதே இரண்டு மாதத்தைத் திறக்கும்.